வீடு, மனை, சட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேலூர் கோட்டை அகழிக்கு எதிரே தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு (மரக்கட்டைகள்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மச்சு) இருக்கிறது. மழைக்கு ஒழுகுகிறது, மச்சில் இரண்டு கட்டை உளுத்துவிட்டது. இடித்துவிட்டு அதே நீள அகலத்தில் கான்கிரீட் வீடு கட்டிவிடலாம், அளவு மாறாவிட்டால் பிரச்சினை வராது என்கிறார் மேஸ்திரி. சரிதானா?
*வாசகர், வேலூர்*

பதில்: முதலில் கடப்பாரையைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். உங்கள் மனை கோட்டையின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் இருந்தால் மேஸ்திரி சொல்வது தவறு. 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டம் 2010-ல் திருத்தப்பட்டபோது ‘பழுதுபார்ப்பு’ வேறு, ‘மறுகட்டுமானம்’ வேறு என்று பிரித்துவிட்டார்கள். பழைய நீளம், அகலம், உயரம் மாறாமல் திரும்ப எழுப்பினாலும் அது மறுகட்டுமானம்தான். 100 மீட்டருக்குள் அதற்கு விண்ணப்பிக்க வழியில்லை. பழுதுபார்க்க மட்டுமே அனுமதி கேட்கலாம். அதுவும் வீடு 16.6.1992-க்கு முன்பே இருந்திருக்க வேண்டும், அல்லது பிறகு தொல்லியல் துறையின் ஒப்புதலோடு கட்டியதாக இருக்க வேண்டும். அந்த 100 மீட்டருக்கு அடுத்த 200 மீட்டரில் மறுகட்டுமானத்துக்கும் புதிய கட்டடத்துக்கும் விண்ணப்பிக்கலாம். மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அகழிக் கரையிலிருந்து நாமே டேப் பிடித்து அளக்கும் தூரம் செல்லாது. இந்தியத் தொல்லியல் துறையின் எல்லை வரைபடத்தோடு உங்கள் நகர நில அளவை வரைபடத்தை ஒப்பிட்டுத்தான் முடிவு செய்வார்கள். 1992-க்கு முந்தைய பத்திரம், வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, இன்றைய நிலையில் நான்கு பக்கமும் எடுத்த புகைப்படம், உளுத்த கட்டைகளைக் குறித்த வரைபடம் எல்லாம் விண்ணப்பத்தோடு இருக்கட்டும். இந்த விண்ணப்பங்களை வாங்கச் சட்டப்படி நியமிக்கப்பட்ட ‘தகுதி பெற்ற அதிகாரி’ 15 நாளில் தேசிய தொல்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையத்துக்கு 2 மாதம். பதில் வந்த பின் அதிகாரிக்கு 1 மாதம். அதாவது சட்டக் கணக்கிலேயே மூன்றரை மாதம். ஐப்பசி மழைக்குள் வேலை முடிய வேண்டுமென்றால் மாசி, பங்குனியிலேயே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

அனுமதி கிடைத்த பின்னும் பலர் சறுக்குவது வேலையின் நடுவில்தான். கட்டையை உருவும்போது சுவர் கொஞ்சம் சரியும். ‘இதுவும் சொத்தை’ என்று முழுச்சுவரையும் தள்ளிவிடுவார்கள். அந்த நிமிடத்தில் பழுதுபார்ப்பு மறுகட்டுமானமாகிவிடுகிறது. எனவே இருபக்கமும் முட்டுக் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டையை மாற்றுங்கள். பெரும்பாலும் சுவருக்குள் செருகிய முனைதான் ஈரத்தில் உளுத்திருக்கும், நடுப்பகுதி உறுதியாக இருக்கும். அப்படியானால் முனையை மட்டும் வெட்டி, இருபுறமும் இரும்புச் சேனல் வைத்து போல்ட் போட்டால் போதும்.

மேல்தளத்தில் தளர்ந்த சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு (கன அளவில்) கலந்து, மணல் சேர்க்காமல், மரக்கட்டையால் நன்றாக அடித்து இறுக்குங்கள். சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூச்சு வேண்டாம். உள்ளே போன ஈரம் வெளியேற முடியாமல் உங்கள் கட்டை முனைகளைத்தான் தின்னும்.

கேள்வி: குடியாத்தத்தில் 14 அடி அகலம், 60 அடி நீள மனை. பழைய வீடு தெருவை ஒட்டி, இருபுறமும் பொதுச்சுவரோடு நிற்கிறது. இடித்துக் கட்டினால் இடம் விட வேண்டுமா?
*வாசகர், குடியாத்தம்*

பதில்: பழைய வீடு தெருவை ஒட்டி இருந்தது புதிய வீட்டுக்கு உரிமை ஆகாது. இடித்த பின் எழுவது புதுக் கட்டடம். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் முழுதாகப் பொருந்தும். 14 அடியில் பக்க இடம் விட்டால் மிஞ்சுவது நடைபாதைதான். ஆகவே இடிப்பதற்கு முன், உங்கள் தெரு ‘தொடர் கட்டடப் பகுதி’யாக (வீடுகளை இடைவெளியின்றி ஒட்டிக் கட்டும் பகுதி) அறிவிக்கப்பட்டதா என்று நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். அப்படி இருந்தால் பக்க இடம் விடத் தேவையில்லை.

உங்கள் மனை 840 சதுர அடி. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள் உள்ள, தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீடுகளுக்கு 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம் (விதிப்படி கட்டுவதாக உரிமையாளரே சான்று தந்து அனுமதி பெறுவது) உண்டு. அதில் அனுமதி உடனே வரும் என்பது உண்மை; விதி தளரும் என்பது பொய். தவறான விவரம் தந்தால் அனுமதியே போய்விடும்.

பொதுச்சுவரைத் தொடும் முன் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துக் காட்டுங்கள். அவர் வீட்டுக் கட்டைகளும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். நீங்கள் சுவரைத் தாழ்த்தினால் அவர் மச்சு இறங்கும். சுவரை அப்படியே விட்டு, உங்கள் பக்கம் தனித்தூண்கள் எழுப்புங்கள். அடித்தளத்துக்கு முழு நீளமும் ஒரேயடியாகத் தோண்டக் கூடாது. 1 மீட்டர் தோண்டி கான்கிரீட் போட்டு, நடுவில் ஒரு பகுதியை விட்டு அடுத்ததைத் தோண்டுங்கள். விட்ட பகுதிகளை, முதலில் போட்டது இறுகிய பின் தோண்டலாம். தூண் எல்லையோரம் வருவதால் அதன் அடித்தளம் ஒருபக்கமாகச் சாயும். எதிர்த்தூணோடு இணைக்கும் உத்தரத்தை வரைபடத்தில் காட்டச் சொல்லிப் பொறியாளரிடம் கேளுங்கள். இடித்ததும் வெளியே தெரியும் பக்கத்துச் சுவருக்குத் தார்ப்பாய் போர்த்துவது உங்கள் பொறுப்பு.

கேள்வி: முப்பது வருட வீட்டு வரி ரசீது இருக்கிறது. கட்டட அனுமதி இருந்ததற்கு அது போதுமா?
*வாசகர், காட்பாடி*

பதில்: போதாது. அந்த இடத்தில் ஒரு கட்டடம் இருந்தது, அதற்கு வரி வாங்கினார்கள் என்பதை மட்டுமே ரசீது காட்டும். அனுமதி இல்லாத கட்டடத்துக்கும் வரி போடுவார்கள். ஆனால் மேலே கோட்டை வீட்டுக்காரருக்குச் சொன்னது போல, கட்டடத்தின் வயதைக் காட்ட அதைவிட நல்ல தாள் கிடைக்காது. பழைய ரசீதுகளில் மை மங்கும். இன்றே நகலெடுத்து வையுங்கள்.