உண்மைக் குற்ற பாட்காஸ்ட் (நடந்த குற்றமொன்றை விவரிக்கும் ஒலித்தொடர்) ஒன்றிலிருந்து பள்ளிகளைப் பற்றிய சமூகப் பார்வை மாறியிருப்பதை அறிய முடியுமா?

முடியும். ‘தி டீச்சர்ஸ் பெட்’ என்ற ஆஸ்திரேலிய பாட்காஸ்டை வைத்துச் சொல்கிறேன். நான் மேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியர்.

சிட்னியின் குரோமர் உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த கிறிஸ் டாசனின் மனைவி லினெட் 1982 ஜனவரியில் காணாமல் போனார். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு வந்து போன மாணவியை டாசன் சில நாட்களிலேயே அங்கே குடிவைத்து, 1984-ல் திருமணமும் செய்துகொண்டார். 2018-ல் செய்தியாளர் ஹெட்லி தாமஸ் இதை பாட்காஸ்டாக வெளியிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் கைதான டாசனுக்கு, 2022-ல் கொலைக் குற்றத்துக்காக 24 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

துப்பறியும் பகுதிகளைவிட, அக்காலத்தில் அந்த வட்டாரப் பள்ளிகளில் படித்தவர்கள் பேசும் பகுதிகளே என்னை உலுக்கின. ஆசிரியர் சிலர் மாணவிகளோடு எப்படிப் பழகினார்கள் என்பது பலருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. அதை வம்பாகப் பேசினார்களே ஒழிய, புகாராகப் பெரும்பாலும் கொண்டுபோகவில்லை. இத்தனைக்கும், ஆசிரியர் தம் மாணவியுடன் உறவு கொள்வதைக் குற்றமாக்கும் பிரிவு சிட்னி அமைந்துள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டத்தில் அன்றே இருந்தது; 2023-ல் டாசன் இரண்டாவது முறை தண்டிக்கப்பட்டது அந்தப் பழைய பிரிவின் கீழ்தான். அன்று கண்டும் காணாமல் இருந்தவர்களே நாற்பது ஆண்டுகள் கழித்துக் குரல் கம்ம அதைச் சொல்லும்போது, மாற்றம் எங்கே நடந்திருக்கிறது என்பது விளங்கிவிடுகிறது.

இங்கும் அதே கதைதான். தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இப்படியொரு பேச்சு எழுந்தபோது, ஆசிரியர் அறையில் மூத்தவர் ஒருவர், “நமக்கெதுக்கு சார், பிள்ள வாழ்க்கை போயிரும், பேசி முடிச்சுருவோம்” என்றார். அவர் கெட்டவர் அல்லர். அன்றைய நியாயம் அவ்வளவுதான். முடிவில் அந்த ஆசிரியருக்கு வேறு ஊருக்கு மாறுதல் கிடைத்தது. பெண்ணின் கையில் டி.சி.யைக் கொடுத்து அனுப்பினார்கள், முழுப்பரீட்சைகூட எழுதவில்லை.

இன்று அப்படிப் பேசி முடிப்பதே குற்றம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, அப்படியொரு குற்றம் தெரிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. தம் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு 21-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை உண்டு. பள்ளிச் சுவர்களில் 1098, 14417 என்ற உதவி எண்களைப் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கிறார்கள். ஆனாலும் “பேர் கெட்டுப்போகும்” என்ற பயம் பள்ளிகளைவிட்டு முழுதாகப் போய்விடவில்லை; முன்பு பெண்ணின் பேரைச் சொல்லி மறைத்தார்கள், இப்போது பள்ளியின் பேரைச் சொல்லி மறைக்கப் பார்க்கிறார்கள்.

பாட்காஸ்டையும் கண்ணை மூடிக்கொண்டு பாராட்ட மாட்டேன். அது கிளப்பிய பரபரப்பால் டாசன் வழக்கின் விசாரணை சில காலம் தள்ளிப்போனது. பிறகு பொதுமக்களைக் கொண்ட நடுவர் குழுவான ஜூரி இல்லாமல் நீதிபதி ஒருவரே விசாரிக்க நேர்ந்தது. நம் ஊர் வழக்கொன்றை இப்படிச் சொல்ல விரும்புகிறவர்கள் போக்சோவின் 23-ஆம் பிரிவை முதலில் படிக்க வேண்டும். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரோடு, அதை அடையாளம் காட்டிவிடக்கூடிய பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம் ஆகியவற்றை வெளியிடுவதையும் அது தடுக்கிறது. முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டுப் பள்ளி வாசலையும் தெருவையும் காட்டும் யூடியூப் சேனல்களுக்கு இது தெரிந்ததாகவே தோன்றவில்லை.