வீடு கேள்வி-பதில்: பஞ்சு போட்டும் ஏன் குளிருது?

கேள்வி: 1978ல கட்டின வீடு வாங்கி இது எங்களுக்கு ரெண்டாவது குளிர்காலம். ஹீட்டிங் பில் எகிறுது, மாடி பெட்ரூம்ல ரெண்டு போர்வை போத்தினாலும் பத்தல. பிப்ரவரில கூரை ஓரத்துல ஐஸ் ஈட்டி ஈட்டியா தொங்குச்சு, மார்ச்ல பாத்ரூம் சீலிங்ல மஞ்சக் கறை வேற. எங்க வீட்டுக்காரர் அட்டிக்ல (கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவுல இருக்கிற இடம்) எட்டிப் பாத்துட்டு, இருக்கிற ஆறு இஞ்ச் பிங்க் பஞ்சு (குளிரைத் தடுக்கற கண்ணாடி நார் இன்சுலேஷன்) மேலயே மிஷின் வச்சு இன்னும் அடிச்சிடலாம், ஒரு சனிக்கிழமை போதும்ங்கறாரு. அடிக்கலாமா?
- வாசகி, பிராம்ப்டன், கனடா

பதில்: அடிக்கலாம், ஆனா அந்தச் சனிக்கிழமை இல்ல, அதுக்கு அடுத்த சனிக்கிழமை. முதல் சனிக்கிழமை ஓட்டை அடைக்கறதுக்கு.

சூடான காத்து மேலதான் ஏறும், சீலிங்ல எங்க சந்து இருக்கோ அங்க புகுந்து அட்டிக்குக்குப் போயிடும். பிங்க் பஞ்சு அந்தக் காத்தை நிறுத்தாது, வடிகட்டி அனுப்பும். அவரை ஒரு தடவை பஞ்சைத் தூக்கிப் பாக்கச் சொல்லுங்க, அடிப்பக்கம் அங்கங்க கறுப்பா அழுக்கு புடிச்சிருந்தா வருஷக்கணக்கா காத்து அந்த வழியா போயிருக்குன்னு அர்த்தம், நேரா அதுக்குக் கீழதான் ஓட்டை இருக்கும். வயர் ஏறுற துளை, பாத்ரூம் பைப் போற இடம், சுவரோட மேல் கட்டை, சீலிங்ல பதிச்ச பாட் லைட், எல்லாத்தையும் விட மோசம் அட்டிக் கதவு. கீழ இருந்து கண்டுபிடிக்கணும்னா நல்ல குளிர் நாள்ல பூஜை அலமாரி ஊதுபத்தியை எடுத்துப் புடிங்க, புகை சட்டுனு மேல இழுத்துக்கிட்டா அங்க ஓட்டை.

உங்க ஐஸ் ஈட்டியும் இதே கதைதான். கசிஞ்ச சூட்டுல கூரை மேல பனி உருகி, குளிர்ந்த ஓரத்துக்கு வந்ததும் திரும்ப உறையுது, பின்னாடி வர்ற தண்ணிக்குப் போக வழியில்லாம கூரை மேல ஒட்டியிருக்கிற ஷிங்கிள் தகடுக்கு அடியில ஏறிடுது. ஆனா பாத்ரூம் கறைக்கு நான் சந்தேகப்படறது அங்க ஆவியை வெளிய இழுக்கற ஃபேனை. பழைய வீடுகள்ல ஃபேன் டியூபை அட்டிக்லயே விட்டுட்டுப் போயிருப்பாங்க. குளியல் ஆவி, நம்ம இட்லி சாம்பார் ஆவி எல்லாம் மேல போய்க் கூரைப் பலகைல, ஆணி நுனில வெள்ளையா உறைஞ்சு கிடக்கும், மார்ச்ல வெயில் வந்ததும் சொட்டும். இன்சுலேஷன் சுத்தின டியூப் போட்டு கூரை வழியா வெளிய விடணும். சாஃபிட் (கூரை ஓரத்தோட அடிப்பக்கம், காத்து உள்ள வர்ற இடம்) பக்கம் திருப்பி விடாதீங்க, அந்த ஈரக்காத்து திரும்ப உள்ளயே வந்துடும்.

சின்ன சந்துக்கு ஸ்ப்ரே ஃபோம், கால்க் (சந்து அடைக்கற பசை) போதும். சிம்னி பக்கத்துல மட்டும் ஃபோம் கூடவே கூடாது, தகரமும் நெருப்பு தாங்குற கால்க்கும்தான். பழைய பாட் லைட்டை இன்சுலேஷன் தொடலாம்னு அதுமேலயே குறிச்சிருந்தா ஒழிய மூடாதீங்க, சூடாகிப் பத்திக்கும்.

இன்னொண்ணு, பஞ்சுக்கு அடியில பழுப்பும் பொன்னிறமுமா மினுக்குற லேசான துகள் கிடந்தா கை வைக்காம இறங்கிடச் சொல்லுங்க. அது வெர்மிகுலைட்ங்கற பழைய கனிம இன்சுலேஷனா இருக்கலாம். அமெரிக்காவுல மொன்டானா மாநிலம் லிபி சுரங்கத்துல இருந்து வந்த சரக்குல ஆஸ்பெஸ்டாஸ் (மூச்சுல போனா நுரையீரலைக் கெடுக்கற நார்) கலந்திருந்துச்சு, 1990ல சுரங்கத்தை மூடற வரைக்கும் அது கடைல வித்துச்சு. டெஸ்ட் பண்ணாம தொடவே கூடாது.

இதெல்லாம் முடிச்சு, சாஃபிட்ல இருந்து காத்து வர்ற வழி அடைபடாம கூரைக் கட்டைகளுக்கு நடுவுல பேஃபிள் (பஞ்சு அந்த வழியை மூடாம தடுக்கற தட்டு) அடிச்சுட்டு, அப்புறம் மிஷின். ஒன்டாரியோல புது வீட்டு அட்டிக்குக்கு வழக்கமா ஆர்-60 கணக்கு (ஆர்ங்கறது சூடு போகாம தடுக்கற அளவு). உங்க ஆறு இஞ்ச் நல்லா இருந்தா சுமார் ஆர்-20, மிச்சத்துக்கு செல்லுலோஸ் (காகிதத் துகள் இன்சுலேஷன்) இஞ்சுக்கு சுமார் ஆர்-3.5ன்னு வச்சா பதினொண்ணு, பன்னெண்டு இஞ்ச் வேணும். அது கொஞ்சம் அமுங்கும், அதனால மூட்டை மேல போட்டிருக்கிற அட்டவணைப்படியே வாங்குங்க. கட்டைகள்ல அளவுக் காகிதம் அடிச்சு வைங்க, தூரத்து மூலைல ஆரம்பிச்சு கதவை நோக்கிப் பின்னாடியே வாங்க. நல்ல மாஸ்க் கட்டாயம். ஜூலைல ஏறாதீங்க, மேல அடுப்பு மாதிரி இருக்கும்.

கால் வைக்கறது ஜாயிஸ்ட் (சீலிங்கைத் தாங்குற கட்டை) மேல மட்டும், குறுக்க ஒரு பலகை போட்டுக்கங்க. நான் முதல் தடவை ஏறினப்ப ஒரு அடி தப்பா வச்சு, சீலிங் ட்ரைவால் பலகையை உடைச்சுக்கிட்டு என் கால் முழங்கால் வரைக்கும் பொண்ணு ரூம்ல தொங்குச்சு, அவ ஹோம்வொர்க் எழுதிட்டு இருந்தா.

கேள்வி: அட்டிக்ல பிளைவுட் போட்டு ஊருக்குப் போற சூட்கேஸ், கொலுப் படி எல்லாம் வச்சுக்கலாமா?
- வாசகர், மார்க்கம்

பதில்: அது நம்ம ஊர்ப் பரண் இல்லைங்க. பஞ்சு மேல பலகை போட்டு அமுக்கினா அதோட பலம் குறைஞ்சிடும், அந்தக் கட்டைகளும் பெரும்பாலும் சாமான் பாரத்துக்குன்னு போட்டது இல்ல. சூட்கேஸ் பேஸ்மென்ட்லயே இருக்கட்டும். கொலுப் படியும்தான், அட்டிக் கதவைத் திறந்து மூடத் திறந்து மூட, காத்து போகாம அதுல ஒட்டற ரப்பர் பட்டை தேஞ்சுடும்.