சினிமாவால் முடியாத எதையாவது வீடியோ கேமால் சொல்ல முடியுமா?

முடியும். 2013-இல் லூகாஸ் போப் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' கேமையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் சரிபார்ப்பதுதான் உங்கள் வேலை. கிராபிக்ஸ் ரொம்பச் சாதாரணம்.

ஒருவர் வருகிறார். பேப்பரெல்லாம் சரி. போகும்போது, பின்னால் வரும் தன் மனைவியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். அந்த அம்மாவிடம் நுழைவு அனுமதி இல்லை. உள்ளே விட்டால் அது உங்கள் தவறு. ஒரு நாளில் முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கை மட்டும். மூன்றாவதிலிருந்து சம்பளத்தில் பிடித்தம். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை, சாப்பாடு, மருந்து எல்லாம்.

சினிமாவில் இந்தக் காட்சி வந்தால் அந்த அதிகாரியைத் திட்டிவிட்டு பாப்கார்னைக் கொறிப்போம். இங்கே முத்திரை நம் கையில். நான், 'ஏற்கெனவே இரண்டு ஆகிவிட்டதே' என்று கணக்குப் போட்டு அவரைத் திருப்பி அனுப்பினேன். பிறகு கொஞ்ச நேரம் ஆடப் பிடிக்கவில்லை.

2018-இல் இதே கேம் குறும்படமாகவும் வந்தது. அதில் அதிகாரியாக நடித்தவரின் களைத்த முகம் மனதில் நிற்கிறது. கேமில் அந்த முகமே கிடையாது, சரிதான். ஆனால் படத்தில் முத்திரை குத்தியது அவர், நான் இல்லை.