தீயணைப்பு லெவி வாக்குச்சீட்டில் வரும்போது: வாஷிங்டன் மாநிலத் தமிழ் வீட்டுக்காரர்களுக்குக் கேள்வி பதில்

சியாட்டிலைச் சுற்றியுள்ள கிங் கவுண்டியில் வீடு வாங்கிக் குடியேறிய நம்மவர்களிடமிருந்து, தீயணைப்புக்கும் அவசர மருத்துவத்துக்கும் ‘லெவி’ என்ற பெயரில் வசூலிக்கப்படும் சொத்து வரியைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். நான் இருபது ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன். எங்கள் பகுதித் தீயணைப்பு மாவட்டத்தின் குடிமக்கள் ஆலோசனைக் குழுவில் நான்கு ஆண்டுகள் இருந்து, அதன் வரவு செலவுக் கணக்கை வரிவரியாகப் படித்திருக்கிறேன்.

கேள்வி: தமிழ்நாட்டில் தீயணைப்புத் துறைக்காக நாம் வாக்களித்ததே இல்லை. இங்கே மட்டும் ஏன் தேர்தல் வைக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை மாநில அரசின் ஒரு துறை. அதற்கான பணம் மாநில வரவு செலவுத் திட்டத்திலிருந்து வருகிறது. வாஷிங்டன் மாநிலத்தில் நகர எல்லைக்கு வெளியே உள்ள பல பகுதிகளிலும் சில நகரங்களிலும் ‘தீயணைப்பு மாவட்டம்’ என்ற தனி உள்ளாட்சி அமைப்பு இயங்குகிறது. பள்ளி மாவட்டத்தைப் போலவே அதற்கும் மக்கள் தேர்ந்தெடுத்த ஆணையர்கள் உண்டு. நகராட்சிக்குக் கிடைப்பதைப் போன்ற பலவகை வருவாய்கள் அதற்கு இல்லை. பெரும்பாலும் சொத்து வரியை நம்பியே அது நடக்கிறது. அந்த வரி ஓர் அளவுக்கு மேல் உயர வேண்டுமானால் வாக்காளர்களின் ஒப்புதல் வேண்டும் என்பது சட்டம். பெல்வியூ, ரெட்மண்ட் போன்ற நகரங்கள் தங்களுக்கென்று தீயணைப்புத் துறை வைத்திருக்கின்றன. ஆகவே முதலில் உங்கள் சொத்து வரிப் பட்டியலைப் பார்த்து, உங்கள் வீடு எந்த அமைப்பின் கீழ் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக் கடன் தவணையோடு சேர்த்து வங்கியே வரியைக் கட்டிவிடுவதால், அந்தப் பட்டியலை ஒருமுறைகூடப் படிக்காத பலரைச் சந்தித்திருக்கிறேன்.

கேள்வி: என் வீட்டின் மதிப்பு ஆண்டுதோறும் ஏறுகிறது. வரியும் தானாகவே ஏறுமே! பிறகு எதற்காக மறுபடியும் கூடுதலாகக் கேட்கிறார்கள்?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். இதில் உள்ள தவறான புரிதலால் நல்ல லெவிகளும் தோற்றிருக்கின்றன என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2001 நவம்பரில் இம்மாநில வாக்காளர்கள் ‘முன்முயற்சி 747’ என்ற சட்டத்தை நிறைவேற்றினார்கள். அதன்படி, ஓர் உள்ளாட்சி அமைப்பு வழக்கமான சொத்து வரியாக வசூலிக்கும் மொத்தத் தொகை, புதிய கட்டுமானங்களால் வரும் தொகை நீங்கலாக, ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது. 2007இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது; அதே மாதத்தில் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூட்டி அதே வரம்பை மீண்டும் சட்டமாக்கியது. இங்கே கவனிக்க வேண்டியது, வரம்பு விதிக்கப்பட்டது மொத்த வசூலுக்கு என்பதைத்தான். வீட்டு மதிப்புகள் வேகமாக ஏறினால், மொத்தம் 1 சதவீதத்துக்குள் அடங்குவதற்காக வரிவீதம் தானாகவே இறங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தீயணைப்பு மாவட்டம் வசூலிக்கக்கூடிய உச்ச வீதம், ஒவ்வொரு 1,000 டாலர் மதிப்புக்கும் 1.50 டாலர். உங்கள் வீடு 10 லட்சம் டாலர் என்றால் ஆண்டுக்கு 1,500 டாலர் கட்டுகிறீர்கள். அடுத்த ஆண்டு அந்தப் பகுதியின் எல்லா வீடுகளும் ஒரே சீராக 8 சதவீதம் ஏறி, உங்கள் வீடு 10.8 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வீதம் ஏறத்தாழ 1.40 டாலராக இறங்கிவிடும். நீங்கள் கட்டுவது 1,515 டாலர். வீட்டின் மதிப்பு 80,000 டாலர் கூடியபோது, தீயணைப்புக்குப் போகும் பணம் 15 டாலர்தான் கூடியிருக்கிறது.

2022இல் அமெரிக்காவின் பணவீக்கம் ஆண்டுச் சராசரியில் 8 சதவீதமாக இருந்தது. ஊதியம், டீசல், மருத்துவக் காப்பீடு, பாதுகாப்பு உடை என்று எல்லாச் செலவும் ஏறும்போது வருவாய் மட்டும் 1 சதவீதம் ஏறினால், ஆட்களைக் குறைப்பதா, மக்களிடம் போய்க் கேட்பதா என்ற இரண்டு வழிகளே எஞ்சுகின்றன. அப்படிக் கேட்பதற்குப் பெயர்தான் ‘லெவி லிட் லிஃப்ட்’. சாதாரணப் பெரும்பான்மை கிடைத்தால் வீதத்தை மீண்டும் 1.50 வரை உயர்த்தலாம். மேற்சொன்ன கணக்கில் அதனால் உங்களுக்கு வரும் கூடுதல் செலவு ஆண்டுக்கு 105 டாலர். அந்தத் தொகை தகுமா தகாதா என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் ‘ஏற்கெனவே மதிப்போடு சேர்ந்து வரியும் ஏறிவிட்டதே’ என்று நினைத்துக்கொண்டு அந்த முடிவை எடுக்காதீர்கள்.

கேள்வி: ரென்டனில் வசிக்கிறேன். எங்கள் பட்டியலில் வரியோடு ‘ஃபயர் பெனிஃபிட் சார்ஜ்’ என்றும் ஒரு தொகை இருக்கிறது. இது என்ன?

இது வீட்டின் மதிப்பைப் பார்த்து விதிக்கப்படுவதல்ல. கட்டடத்தின் பரப்பளவு, பயன்பாடு போன்றவற்றைக் கணக்கிட்டு, தீப்பிடித்தால் அணைக்க எவ்வளவு ஆளும் நீரும் தேவைப்படும் என்ற அடிப்படையில் விதிக்கப்படும் கட்டணம். இதை முதன்முறை கொண்டுவர 60 சதவீத வாக்குகள் வேண்டும். இதை வசூலிக்கும் அமைப்பு, சொத்து வரியின் உச்ச வீதத்தை 1.50இலிருந்து 1 டாலராகக் குறைத்துக்கொள்ள வேண்டும். பெரிய கிடங்கு கூடுதலாகவும் சிறிய வீடு குறைவாகவும் கட்டும் இந்த முறை, வரியை மட்டும் நம்புவதைவிட நியாயமானது என்பது என் கருத்து.

கேள்வி: தீயணைப்புக்குத் தனியாக, அவசர மருத்துவத்துக்குத் தனியாக என்று இரண்டு லெவி கட்டுகிறோமே, ஒரே வேலைக்கு இரண்டு முறை பணமா?

இல்லை. 1970இல் சியாட்டிலில், ஹார்பர்வியூ மருத்துவமனையின் மருத்துவர் லெனர்ட் காப், தீயணைப்புத் தலைவர் கார்டன் விக்கரி ஆகியோரின் முயற்சியால், தீயணைப்பு வீரர்களுக்கே பாராமெடிக் பயிற்சி (உயிர்காக்கும் உயர்நிலை அவசர சிகிச்சைப் பயிற்சி) கொடுத்து ‘மெடிக் ஒன்’ தொடங்கப்பட்டது. அதைக் கவுண்டி முழுவதற்கும் நிலைநிறுத்த 1979இல் தனி லெவிக்கு மக்கள் ஒப்புதல் அளித்தார்கள். அதன் பிறகு குறிப்பிட்ட கால இடைவெளியில் புதுப்பித்து வருகிறார்கள். 2019இல் வாக்களிக்கப்பட்டு 2020 முதல் 2025 வரை நடந்த லெவியின் தொடக்க வீதம் 1,000 டாலருக்கு 26.5 சென்ட்.

நீங்கள் 911ஐ அழைத்தால் முதலில் வருவது பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தின் வாகனம். அதிலிருப்போர் அடிப்படை மருத்துவப் பயிற்சி பெற்றவர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் பாராமெடிக்குகளும் கூடவே அனுப்பப்படுகிறார்கள். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார் எங்கள் கூடத்தில் சரிந்து விழுந்தபோது, முதல் வாகனம் வந்து சேரும்வரை தொலைபேசியில் இருந்த பெண்மணி என் மனைவிக்கு நெஞ்சை அழுத்தும் முறையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். மாமனார் பிழைத்து மதுரைக்குத் திரும்பினார். அந்த ஆண்டு அவசர மருத்துவத்துக்காக நாங்கள் கட்டிய வரி, ஒரு மாத மளிகைச் செலவுகூட இராது.

கேள்வி: தீ விபத்து அரிதாகத்தானே நடக்கிறது? ஒரு வண்டிக்கு நான்கு பேர் ஏன்?

தீயணைப்பு நிலையங்களுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி மருத்துவ அழைப்புகளே. ஆனாலும் தீயைக் கணக்கில் கொண்டுதான் ஆட்களை வைக்க வேண்டியிருக்கிறது. எரியும் கட்டடத்துக்குள் இருவர் நுழைந்தால் வெளியே இருவர் தயாராக நிற்க வேண்டும் என்பது தொழிலாளர் பாதுகாப்பு விதி. உள்ளே ஆள் சிக்கியிருப்பது தெரிந்தால் விதிவிலக்கு உண்டு. மற்றபடி மூன்று பேரோடு வரும் வண்டி, அடுத்த வண்டி வரும்வரை வெளியில் நின்றே நீரடிக்க வேண்டியிருக்கும். இன்றைய வீடுகளில் சோபா, மெத்தை எல்லாம் செயற்கை நுரையும் இழையுமாக இருப்பதால், ஓர் அறை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளச் சில நிமிடங்களே ஆகின்றன. அந்த நிமிடங்களில் யாரும் உள்ளே நுழைய முடியாமல் நிற்பதை என்னால் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: கிரீன் கார்டில் இருக்கிறேன். வரி கட்டுகிறேன், வாக்கில்லை. நான் என்ன செய்ய முடியும்?

குடியுரிமை இல்லாதவர் இங்கே வாக்களிக்கக் கூடாது. தவறிப் பதிவு செய்தால்கூடக் குடியேற்ற வழக்கில் பெரும் சிக்கல் வரும். ஆனால் ஆணையர்களின் கூட்டங்கள் சட்டப்படி எல்லோருக்கும் திறந்தவை. 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, முடிவெடுக்கும் வழக்கமான கூட்டங்களில் பொதுமக்கள் கருத்துச் சொல்ல வாய்ப்பளிப்பது கட்டாயம். அங்கே குடியுரிமைச் சான்றை யாரும் கேட்பதில்லை. பல கூட்டங்களில் பார்வையாளர் நாற்காலிகள் காலியாகவே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் எழுந்து கேட்கும் நல்ல கேள்விக்கு அங்கே மிகுந்த மதிப்புண்டு.

கேள்வி: ஓய்வுபெற்ற பெற்றோர் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார்கள். அவர்களுக்குச் சலுகை உண்டா?

உண்டு. 61 வயது நிறைந்து, அந்த வீட்டிலேயே வசித்து, வருமானம் கவுண்டி வரம்புக்குள் இருந்தால், மதிப்பீட்டாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். சலுகை தானாக வராது.

கேள்வி: லெவி தோற்றுவிட்டால் என்ன ஆகும்? நாங்கள் எதைப் பார்த்து வாக்களிப்பது?

தோற்றால் மறுநாளே நிலையத்தை மூடிவிட மாட்டார்கள். முதலில் காலிப் பணியிடங்களை நிரப்பாமல் விடுவார்கள், பழைய வண்டியை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவார்கள், பிறகு ஒரு வண்டியைச் சில நாட்கள் நிறுத்தி வைப்பார்கள். அதே கோரிக்கையோடு அடுத்த தேர்தலில் மீண்டும் வரவும் கூடும். காப்பீட்டு நிறுவனங்கள் பார்க்கும் தீப் பாதுகாப்புத் தரவரிசையில் உங்கள் பகுதி இறங்கினால் வீட்டுக் காப்பீட்டுத் தொகை ஏறும் வாய்ப்பும் உண்டு.

நான் பெரும்பாலும் ஆதரவாகவே வாக்களித்திருக்கிறேன். ஒருமுறை எதிர்த்தும் வாக்களித்தேன். அந்த ஆண்டு, கேட்ட பணம் எத்தனை பேரைப் பணியமர்த்தும் என்று மூன்று கூட்டங்களில் கேட்டும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. வாக்குச்சீட்டோடு வரும் கையேட்டில் ஆதரவு வாதமும் எதிர்ப்பு வாதமும் அருகருகே அச்சிடப்பட்டிருக்கும், இரண்டையும் படியுங்கள். வண்டி வந்து சேரும் நேரம் ஐந்தாண்டுகளுக்கு முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, கையிருப்பு நிதி எவ்வளவு, கேட்கும் பணம் ஊதியத்துக்கா கட்டடத்துக்கா என்ற விவரங்களை மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியே பெறலாம். வாக்குச்சீட்டு தபாலில் கைக்கு வந்த அன்றே கேட்டுவிட்டால், கடைசி நாளுக்குள் பதிலைப் படித்துப் பார்க்க நேரம் இருக்கும்.