பாட்டி குரல் பதிந்த கேசட்டும் பின்கட்டுக்கு எட்டாத வைஃபையும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் வீடு முன்கட்டு, கூடம், பின்கட்டு என்று நீளவாக்கில் அமைந்த பழைய வீடு. ஃபைபர் இணைப்பின் பெட்டியை வாசல் அறை ஜன்னலோரம் வைத்திருக்கிறார்கள். கூடத்தைத் தாண்டினாலே வைஃபை மெலிந்துவிடுகிறது. பின்கட்டில் மகனின் இணைய வகுப்பு பாதியில் நின்று நின்று வருகிறது. இணைப்புக் கொடுத்தவர்கள், இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறினால் சரியாகிவிடும் என்கிறார்கள். மாறலாமா?
— வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: மாற வேண்டாம். உங்கள் வீட்டு வாசல் வரை வரும் வேகம் ஒன்று. வாசலிலிருந்து பின்கட்டு வரை காற்றில் போகும் வேகம் வேறொன்று. திட்டத்தை மாற்றினால் முதலாவது மட்டுமே கூடும். குறை எந்தப் பக்கம் என்பதை நீங்களே கண்டறியலாம். ஒரு மடிக்கணினியை ஈதர்நெட் கேபிள் மூலம் ரவுட்டரில் நேரடியாகப் பொருத்தி வேகத்தை அளந்து பாருங்கள். பிறகு அதே கணினியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் வைஃபையில் அளந்து பாருங்கள். முதல் அளவு உங்கள் திட்டத்தில் சொன்ன அளவுக்கு நெருக்கமாகவும் இரண்டாவது மிகக் குறைவாகவும் இருந்தால், இணைப்பில் குறை இல்லை, சுவர்கள்தாம் காரணம்.

வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. ஐந்து வேகமானது, ஆனால் தடித்த செங்கல் சுவர் இரண்டைக் கடப்பதற்குள் சோர்ந்துவிடும். இரண்டரைக்குச் சற்றுக் குறைந்த மற்றது சுவரைத் தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளின் ரவுட்டர்கள், ப்ளூடூத் கருவிகள், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே வரிசையில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். ஒட்டு வீடுகள் நிறைந்த உங்கள் பகுதியில் இந்த நெரிசல் கட்டாயம் இருக்கும். அந்த வரிசையில் ஒன்றன்மீது ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான்; ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அவற்றுள் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ரவுட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ தரையோடு தரையாகவோ இருந்தால் அதை உயரமான, திறந்த இடத்துக்கு மாற்றுங்கள். இவை செலவில்லாத வேலைகள்.

நிலையான தீர்வு, ரவுட்டரிலிருந்து சுவரோரமாக ஓர் ஈதர்நெட் கேபிளைப் பின்கட்டு வரை இழுத்து, அங்கே இரண்டாவதாக ஒரு வைஃபை கருவியைப் பொருத்துவதுதான். இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை குறையின்றி வேலை செய்யும். எவ்வளவு நீளமான வீட்டுக்கும் அது போதும். கடைக்காரர் 'ரிப்பீட்டர்' போதும் என்பார். ஆனால் சாதாரண ரிப்பீட்டர் வாங்கிய அலையையே திரும்ப அனுப்ப வேண்டியிருப்பதால் வேகத்தில் ஏறத்தாழ பாதி அதிலேயே போய்விடும். கூடத்துக்கு ஏற்கெனவே மெலிந்து வருவதை அது இன்னும் மெலிதாக்கித்தான் தரும். கேபிள் இழுப்பது ஒருநாள் தொல்லை என்றாலும், பிள்ளையின் படிப்பு அதில் அடங்கியிருப்பதால் அதையே நான் வற்புறுத்திச் சொல்வேன்.

கேள்வி: நூறு மெகாபிட் திட்டம் என்றார்கள். ஆனால் கோப்புகளைப் பதிவிறக்கும்போது திரையில் பன்னிரண்டு என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?
— வாசகர், பெரம்பூர்

பதில்: இல்லை. திட்டத்தின் வேகத்தை மெகாபிட்டிலும், பதிவிறக்க வேகத்தை மெகாபைட்டிலும் சொல்வது வழக்கம். 8 பிட் சேர்ந்தது 1 பைட்; நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை வருகிறது. உங்களுக்குக் கிடைப்பது சரியான வேகமே. மிகத் துல்லியமான 4கே படம் ஒன்றைத் தடையின்றிப் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்பது நொடிக்கு 15 மெகாபிட்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், இதற்குமேல் செலவிட வேண்டிய தேவை உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

கேள்வி: புதிதாகப் பெரிய டிவி வாங்கினோம். படத்தில் பாட்டும் சண்டையும் வீடே அதிரும்படி கேட்கின்றன, வசனம் மட்டும் காதில் விழுவதில்லை. எழுபது வயதைத் தாண்டிய அம்மா ரிமோட்டும் கையுமாக ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருக்கிறார். சவுண்ட்பார் வாங்கினால் போதுமா?
— வாசகர், குரோம்பேட்டை

பதில்: வாங்குவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை சில உண்டு. இன்றைய டிவிக்கள் மெலிந்துபோனதால் அவற்றின் ஸ்பீக்கர்களும் சிறுத்து, பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ திரும்பியிருக்கின்றன. திரையரங்கத்துக்கென ஐந்து, ஆறு தடங்களில் பிரித்துச் சேர்த்த ஒலியை அந்த இரண்டு சிறிய ஸ்பீக்கர்களில் அடக்கும்போது, நடுத் தடத்தில் தனியாக வர வேண்டிய வசனம் பின்னணி இசைக்குள் அமிழ்ந்துவிடுகிறது. டிவியின் ஒலி அமைப்பில் 'இரவு' அல்லது 'தெளிவான குரல்' என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அதை இயக்கினால் உரத்த ஒலி தணிந்து மெல்லிய ஒலி உயரும். படம் ஓடும் செயலியிலும் ஒலித் தேர்வில் பல தடங்களைக் குறிக்கும் 5.1 என்பதை விட்டுவிட்டுச் சாதாரண ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பல வீடுகளில் இந்த இரண்டிலேயே வேலை முடிந்துவிடுகிறது.

அப்படியும் தீராவிட்டால் சவுண்ட்பார் வாங்கலாம். நடுவில் வசனத்துக்கெனத் தனி ஸ்பீக்கர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதைவிட்டு அதிர்வுக்கான பெரிய பெட்டிக்குப் பணம் கொடுத்தால் அம்மாவின் குறை அப்படியே இருக்கும். டிவியின் பின்புறம் ஏஆர்சி என்று குறித்துள்ள ஹெச்டிஎம்ஐ துளையில்தான் அதைப் பொருத்த வேண்டும். பக்கத்துத் துளையில் பொருத்திவிட்டு ஒலி வரவில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் உண்டு. ப்ளூடூத்தில் இணைத்தால் உதடு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் விலகி நிற்கும் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும். வயது ஏற ஏறக் காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதி ஒலிகளை. பேச்சில் ச, ஸ, த போன்ற மெய்யொலிகளின் தெளிவு அந்த உயர்ந்த பகுதியில்தான் இருக்கிறது. ஆகவே 'ஒலி கேட்கிறது, சொல் புரியவில்லை' என்று அம்மா சொல்வாரானால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துச் சென்று கேட்கும் திறனைப் பரிசோதித்துவிடுங்கள். எந்தக் கருவியை வாங்குவதற்கும் முன்பு செய்ய வேண்டியது இது.

கேள்வி: அதே போன்ற புதிய டிவியில் பழைய படங்களைப் பார்த்தால், எல்லாம் டிவி தொடர் போல வழவழவென்று தெரிகிறது. ஏன்?
— வாசகி, அண்ணா நகர்

பதில்: திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களில் (ஃபிரேம்) எடுக்கப்படுகிறது. டிவி அவற்றுக்கிடையே தானாகக் கற்பனைச் சட்டகங்களைச் செருகுவதால் அந்த வழவழப்பு வருகிறது. பட அமைப்பில் அசைவைச் சீராக்கும் தேர்வை முழுவதும் அணைத்துவிடுங்கள், அல்லது திரைப்படத்துக்கென உள்ள பட அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். கிரிக்கெட் பார்க்கும்போது வேண்டுமானால் மறுபடி இயக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: காலஞ்சென்ற என் அப்பா ஒரு பெட்டி நிறைய கேசட்டுகள் வைத்திருந்தார். திரைப்பாடல்கள், வானொலியிலிருந்து பதிந்த கச்சேரிகள், எங்கள் பாட்டி வீட்டில் பாடியவை எல்லாம் அதில் உள்ளன. சில 78 சுழற்சி இசைத்தட்டுகளும் உண்டு. இருபது ஆண்டுகளாகப் பரணில் இருந்தவை. இவற்றைக் கணினிக்கு மாற்ற விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?
— வாசகர், மயிலாப்பூர்

பதில்: பாட்டியின் கேசட்டில் தொடங்குங்கள். திரைப்பாடல்களில் பெரும்பாலானவை இணையத்தில் நல்ல தரத்தில் கிடைக்கின்றன. வானொலிக் கச்சேரிகளின் பிரதி வேறொருவர் வீட்டிலும் இருக்கக்கூடும். பாட்டியின் குரல் உலகத்தில் அந்த ஒரு நாடாவில் மட்டும்தான் இருக்கிறது. நாடா மறுபடி எத்தனை முறை ஓடும் என்று யாரும் உறுதி தர முடியாது என்பதால் அதற்கே முதலிடம்.

ஆனால் எடுத்தவுடன் போட்டுக் கேட்டுவிடாதீர்கள். முதலில் ஒவ்வொரு கேசட்டின் மேல்விளிம்பிலும் உள்ள இரண்டு சிறிய பிளாஸ்டிக் தடுப்புகளை உடைத்துவிடுங்கள். அதன்பின் பதிவுப் பொத்தானைக் கைதவறி அழுத்தினாலும் பழைய பதிவு அழியாது. பிறகு கண்ணாடி வழியாக நாடாவை வெளிச்சத்தில் பாருங்கள். சென்னையின் கடலோர ஈரக்காற்றில், பரணில் மூடிக்கிடந்த நாடாவில் வெள்ளைப் பூஞ்சை படிந்திருப்பது இயல்பு. பூஞ்சை உள்ளதைத் தனியே எடுத்து வையுங்கள். அதை ஓட்டினால் டேப் ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கும் முனையான ஹெட்டில் ஒட்டி அடுத்தடுத்த கேசட்டுகளுக்கும் பரவும். நன்றாக உள்ளவற்றில் நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் துண்டு விழாமல் இருக்கிறதா என்று பார்த்து, ஒருமுறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றி இளக்கிக்கொள்ளுங்கள். கூடு உடைந்திருந்தால் கவலை வேண்டாம். திருகாணி வைத்த கூடாக இருந்தால் திறந்து, நாடாவை மட்டும் நல்ல கூடு ஒன்றுக்கு மாற்றலாம். பழைய கேசட் டெக்குகளைப் பழுதுபார்ப்பவர்கள், மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் விசாரித்தால் கிடைப்பார்கள்.

கேசட்டை நேரடியாகக் கணினியில் செருகும் மலிவான யுஎஸ்பி கருவிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றின் மோட்டார் சீராகச் சுழலாததால் சுருதி அலையும். தம்புராவோடு பாடிய குரலில் அந்த அலைவு சகிக்க முடியாதது. நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய டெக்கைத் தேடிப் பிடித்து, அதன் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, ஒலியை வெளியே அனுப்பும் லைன் அவுட் துளையிலிருந்து கணினிக்குக் கொண்டு வாருங்கள். மடிக்கணினியில் உள்ள துளை பெரும்பாலும் மைக்குக்கானது. அதில் நேரடியாகக் கொடுத்தால் ஒலி சிதையும். ஆகவே லைன் உள்ளீடு உள்ள ஒரு சிறிய யுஎஸ்பி ஒலிக் கருவி அவசியம். பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளே போதும்.

ஒலி மந்தமாகக் கேட்டால் உடனே நாடா கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பதிந்த கருவியின் ஹெட் சாய்வும் உங்கள் டெக்கின் ஹெட் சாய்வும் ஒன்றாக இல்லாவிட்டாலும் அப்படித்தான் கேட்கும். ஹெட்டின் பக்கத்தில் உள்ள சிறு திருகாணியை மிக மெல்லத் திருப்பினால், மூடிய கதவைத் திறந்தாற்போல் ஒலி தெளியும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்துங்கள்.

பதிவை, ஒலியைச் சுருக்கும் எம்பி3 ஆக அல்லாமல், சுருக்காத வேவ் கோப்பாகச் சேமியுங்கள். சிடி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் ஆகும்; இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது பெரிய சுமையே அல்ல. இரைச்சலை நீக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை ஒரு பிரதியில் மட்டும் செய்து பாருங்கள், மூலப் பதிவைத் தொடாதீர்கள். இரைச்சலோடு தம்புராவின் ரீங்காரமும், பாடகர் மூச்சு வாங்கும் ஓசையும், பின்னணியில் கேட்கும் வீட்டின் ஒலிகளும் சேர்ந்து போய்விடும். அவையும் பாட்டியின் நாளைச் சேர்ந்தவை. அட்டையில் அப்பா கைப்பட எழுதிய ராகம், தேதி, இடம் ஆகியவற்றைப் படமெடுத்து, அதே விவரங்களைக் கோப்பின் பெயரிலும் எழுதி வையுங்கள்.

பிரதி குறைந்தது இரண்டு வேண்டும், அவற்றுள் ஒன்று உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் தரைத்தளத்து வீடுகளில் இருந்த புகைப்படங்களும் நாடாக்களும் நீரில் போனதை நாம் பார்த்திருக்கிறோம். வெளியூரில் உள்ள சகோதரி வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தாலே போதும். கச்சேரிப் பதிவுகளை இணையத்தில் ஏற்றுவதானால் கலைஞரின் அல்லது அவர் குடும்பத்தின் அனுமதியைக் கேளுங்கள். நம் நாட்டுச் சட்டம் கலைஞரின் நிகழ்ச்சிக்கு 50 ஆண்டுகள் உரிமை தருகிறது.

இசைத்தட்டுகளைப் பற்றி ஒரே எச்சரிக்கை. 78 சுழற்சித் தட்டுகள் பெரும்பாலும் அரக்கால் ஆனவை. ஆல்கஹால் பட்டால் அரக்கு கரைந்துவிடும். ஹெட்டைத் துடைத்த அதே பஞ்சால் அவற்றைத் துடைக்காதீர்கள். எல்பி தட்டுக்கான ஊசியும் அவற்றுக்கு ஆகாது. 78 தட்டில் ஊசி ஓடும் பள்ளம் அகலமானது என்பதால் தனி ஊசி வேண்டும். அவற்றைப் படுக்க வைத்து அடுக்காமல் நிமிர்த்தி வைத்துவிட்டு, அனுபவமுள்ளவரிடம் பிறகு கொடுக்கலாம்.

கேள்வி: மின்வெட்டு வந்தால் இணையமும் போய்விடுகிறது. மாடி வீட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கும் வசதி இல்லை. வேறு வழி உண்டா?
— வாசகி, வியாசர்பாடி

பதில்: உண்டு. வீடுகளுக்கு வரும் ஃபைபர் வழியில், தெருவில் ஒளியைப் பிரிக்கும் பெட்டிகளுக்குப் பொதுவாக மின்சாரம் தேவையில்லை. நிறுவனத்தின் நிலையத்திலும் உங்கள் வீட்டுப் பெட்டியிலும் மின்சாரம் இருந்தால் இணைப்பு ஓடும். ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்றை வாங்கினால் போதும். வாங்கும்முன் உங்கள் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளைக் குறித்துக்கொண்டு போங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்டாக இருக்கும். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் தரக்கூடியதாகக் கேட்டு வாங்குங்கள்.

புயல் நாட்களுக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா வீசியபோது மரங்களோடு மரங்களாகக் கம்பிகளும் அறுந்தன. பேட்டரியில் ஓடும் சிறிய ரேடியோ ஒன்றை மாற்று பேட்டரியோடு எடுத்து வைத்து, அகில இந்திய வானொலியின் எஃப்எம் ரெயின்போ 101.4 வீட்டில் எந்த மூலையில் தெளிவாகக் கேட்கிறது என்பதை மழைக்காலம் தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.