மான் வேட்டைக்கு மரப்பரண் நல்லதா, தரைக் கூடாரம் நல்லதா?

கேள்வி கேட்டவர் தம் நிலையைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் தெற்கு மிச்சிகனில் குடியிருக்கிறார்; வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து உரிமமும் பெற்றுவிட்டார்; உடன் வேலை பார்க்கும் ஒருவர் தம்முடைய 40 ஏக்கர் நிலத்தில் வேட்டையாட அனுமதி கொடுத்திருக்கிறார். நிலத்தின் மேற்குப் பாதி மக்காச்சோள வயல், கிழக்குப் பாதி ஓக் மரங்கள் அடர்ந்த காடு. அக்டோபரில் வில்லோடும், நவம்பர் 15ஆம் தேதி துப்பாக்கிப் பருவம் தொடங்கியபின் துப்பாக்கியோடும் போக எண்ணுகிறார். இங்கே ட்ரீ ஸ்டாண்ட் என்று சொல்லப்படும் மரப்பரண், கிரவுண்ட் பிளைண்ட் எனப்படும் தரைக் கூடாரம் ஆகிய இரண்டில் ஒன்றை மட்டுமே இந்த ஆண்டு வாங்க முடியும் என்கிறார்.

தரைக் கூடாரத்தை வாங்குங்கள் என்பதே என் பதில். இதே மாநிலத்தில் பதினொரு பருவங்களாக வேட்டைக்குச் செல்லும் நான் வீழ்த்திய மான்களில் பெரும்பாலானவை பரணிலிருந்து எய்தவை. அப்படியிருந்தும் முதல் ஆண்டுக்காரரிடம் நான் பரணைப் பரிந்துரைப்பதில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

(இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு சொல்: அங்கே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே அது மாநில இயற்கை வளத் துறை உரிமம் கொடுத்து, நாளும் நேரமும் குறித்து நடத்தும் காரியம். தினைப்புனத்து இதணம் எனும் பரணில் அமர்ந்து கிளி ஓட்டியவர்களைப் பாட்டில் படித்து வளர்ந்த நமக்குப் பரண் என்ற சொல் புதிதன்று; அங்கே காவலுக்குக் கட்டியது, இங்கே மறைவுக்கு ஆகிறது.)

பரணுக்கு உள்ள பெருமை பொய்யானதன்று. வெண்வால் மானின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், தலையைத் திருப்பாமலேயே ஏறத்தாழ 300 பாகை அளவுக்கு அதனால் சுற்றுப்புறத்தைப் பார்க்க முடியும். நாம் அணியும் ஆரஞ்சு நிறச் சட்டை அதன் கண்ணுக்கு மங்கலாகவே தெரியும் என்பதும், நீல நிறம் நன்றாகத் தெரியும் என்பதும் உண்மைதான். ஆனால் எந்த நிறத்தைக் காட்டிலும் அசைவையே அது விரைவில் கண்டுபிடிக்கிறது. பதினைந்து, இருபது அடி உயரத்தில் இருப்பவர் அதன் வழக்கமான பார்வைக் கோட்டுக்கு மேலே இருப்பதால், வில்லை இழுக்கும் சிறிய அசைவு தப்பிப்போவதற்கு வாய்ப்பு அதிகம். உயரத்திலிருந்து புதர்களுக்கு அப்பாலும் பார்க்கலாம். துப்பாக்கியைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான நன்மை ஒன்று உண்டு: மேலிருந்து சுடும் குண்டு மானைத் தவறவிட்டாலும் மண்ணில்தான் புதையும். தரையில் அமர்ந்து சுடும்போது குண்டு கிடைமட்டமாகச் செல்வதால், மானுக்குப் பின்னால் மேடு இருக்கிறதா, பக்கத்து நிலத்தில் வீடு இருக்கிறதா, வேறொரு வேட்டைக்காரர் உட்கார்ந்திருக்கிறாரா என்பதைப் பகல் வெளிச்சத்திலேயே பார்த்து முடிவு செய்துகொண்டு உட்கார வேண்டும். தெற்கு மிச்சிகன் பெரும்பாலும் சமதளம் என்பதால் இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

வாசனை விஷயத்தில் மட்டும் பரணைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்லப்படுகிறது. மேலே உட்கார்ந்தால் நம் வாசனை மானின் தலைக்கு மேலாகப் போய்விடும் என்பார்கள். பரணுக்கு மிக அருகில் அது ஓரளவு சரி. சற்றுத் தள்ளி அந்த வாசனை எப்படியும் தரைக்கு இறங்கிவிடும். காலையில் வெயில் ஏற ஏறச் சூடான காற்று மேல்நோக்கி எழுவதும், மாலையில் குளிர்ந்த காற்று கீழிறங்கி ஓடை, பள்ளம் வழியாகத் தண்ணீரைப் போல வழிந்தோடுவதும் இதனுடன் சேர்ந்துகொள்ளும். என் மூன்றாம் பருவத்தில் ஓர் ஓடைக்கு மேலிருந்த ஓக் மரத்தில் பரண் கட்டி, காற்று எனக்குச் சாதகமாக வீசியதாக எண்ணிப் பல மாலைகள் உட்கார்ந்தேன். சூரியன் இறங்கிய அரைமணி நேரத்தில் காற்று நின்றுவிடும். என் வாசனை அப்படியே ஓடைக்குள் இறங்கும். மான்கள் வருவதும் அந்த ஓடை வழியாகத்தான். எங்கோ கீழே ஒரு மான் மூக்கால் சீறிவிட்டு ஓடும் சத்தம் மட்டும் நாள்தோறும் கேட்டது. காரணம் புரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

பரணுக்கு ஏற்ற மரம் உங்களுக்கு வேண்டிய இடத்தில் இருக்குமா என்பது அடுத்த கேள்வி. 2002ஆம் ஆண்டு டெட்ராயிட் பக்கத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மரகத நிற ஆஷ் வண்டு, இந்தப் பகுதியின் ஆஷ் மரங்களைப் பெருமளவில் அழித்துவிட்டது. காட்டுக்குள் நேராக, கிளையின்றி, பரணுக்கென்றே வளர்ந்ததுபோல நிற்கும் பல மரங்கள் உண்மையில் செத்த ஆஷ் மரங்கள். அவை வேரோடு சாய எந்த நாளும் நாள்தான். பட்டை உரிந்து, வண்டுக் குஞ்சுகள் குடைந்த வளைந்த கோடுகள் தெரியும் மரத்தின் அருகே பரணையும் கொண்டுபோகாதீர்கள், கூடாரத்தையும் அடிக்காதீர்கள். உயிருள்ள மரத்தில் கட்டும்போதும் நில உரிமையாளரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். திருகிச் செருகும் படிகள் மரத்தைக் காயப்படுத்தும் என்பதால் பலர் விரும்புவதில்லை. அரசு நிலத்தில் அப்படிப் பட்டையைத் துளைத்து உள்ளே இறங்கும் பொருளைப் பயன்படுத்துவது இந்த மாநிலத்தில் சட்டப்படியே கூடாது.

இனி விழுவதைப் பற்றி. பரணில் உட்கார்ந்திருக்கும்போது விழுபவர்களைவிட, ஏறும்போதும், இறங்கும்போதும், ஏணியிலிருந்து தட்டுக்குக் கால் மாற்றும்போதும் விழுபவர்கள்தான் கவலைக்குரியவர்கள், ஏனென்றால் அந்த நேரங்களில்தான் பலர் கயிற்றில் மாட்டிக்கொள்வதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். இரண்டாம் பருவத்தில், உறைபனி படிந்த ஒரு மாலையில், இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் மரத்தோடு பிணைத்த கொக்கியைக் கழற்றிவிட்டு ஏணியில் கால் வைத்தேன். படியில் இருந்த பனியில் பூட்ஸ் வழுக்கியது. ஒரு கை ஏணியைப் பிடித்திருந்ததால் பிழைத்தேன். தோள்பட்டை வலி அடுத்த வசந்தகாலம் வரை போகவில்லை. வீட்டில் சொன்னபோது, என் மனைவி வேட்டையை நிறுத்தச் சொல்லவில்லை, ஒரு கயிறு வாங்கச் சொன்னார். தரையிலிருந்து பரணுக்கு மேல்வரை மரத்தோடு கட்டப்பட்டு, எடை விழுந்தால் இறுகிப் பிடிக்கும் புரூசிக் முடிச்சு வழுவிச் செல்லும் உயிர்காப்புக் கயிறு அது. உடல் முழுவதையும் தாங்கும் ஹார்னெஸை அணிந்து, தரையில் நிற்கும்போதே அந்த முடிச்சில் மாட்டிக்கொண்டால், மறுபடி தரையில் கால் படும்வரை கழற்ற வேண்டிய தேவையே வராது.

அந்தக் கயிறும் போதாது. பிணைப்பைத் தளர்வாக விட்டால் விழும் தூரம் கூடும். உட்கார்ந்த நிலையில் அது ஏறக்குறைய இழுபட்டு நிற்கும்படி வைக்க வேண்டும். விழுந்து ஹார்னெஸில் தொங்க நேர்ந்தால், தொடையிலுள்ள வார்கள் இரத்த ஓட்டத்தை அடைத்துச் சிறிது நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகும். அதனால் காலை ஊன்றிக்கொள்ளும் பட்டை ஒன்றும், கைக்கு எட்டும் பையில் தொலைபேசியும் இருக்க வேண்டும். வில்லையோ, குண்டு நீக்கிய துப்பாக்கியையோ கையில் பிடித்துக்கொண்டு ஏறக்கூடாது. மேலே போய் அமர்ந்து, மாட்டிக்கொண்ட பிறகு கயிறு கட்டி இழுத்துக்கொள்ள வேண்டும். பரணை மரத்தோடு பிணைக்கும் பட்டைகள் வெயிலிலும் மழையிலும் நைந்துபோகும். மரமும் பருத்துக்கொண்டே இருக்கும். ஆண்டு முழுவதும் மரத்திலேயே விட்டுவைத்த பரணில் பட்டையைச் சோதிக்காமல் ஏறுவதை நான் மடமை என்றே சொல்வேன். இவ்வளவையும் விடியலுக்கு முன்னான இருட்டில், விரல் மரத்த குளிரில், மான் வந்துவிடுமோ என்ற படபடப்புக்கு நடுவில் தவறாமல் செய்வதற்குப் பழக்கம் வேண்டும். முதல் ஆண்டில் வில்லைப் பிடிப்பதும் மானைப் படிப்பதும் வெட்டி எடுப்பதுமே கற்றுக்கொள்ளப் போதுமானவை.

கூடாரத்துக்கு வருகிறேன். குடைபோல விரியும் கூடாரத்தை ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடலாம் என்பதால், அன்றே நிறுத்தி அன்றே வேட்டையாடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நேற்று இல்லாத ஒரு பெட்டி இன்று நிற்பதை மான் உடனே கவனிக்கும். நடுத்தர வயதுப் பெண்மானைப் போலச் சந்தேகப் பிராணி இந்தக் காட்டில் வேறில்லை. இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே நிறுத்தி, காற்றில் பறக்காதபடி நன்றாகக் கட்டி, அதே இடத்துக் கிளைகளையும் சோளத் தட்டைகளையும் சார்த்தி அதன் பெட்டி வடிவத்தை உடைத்துவிடுங்கள். உள்ளே தரையிலுள்ள காய்ந்த இலைகளைச் சுத்தமாக வாரி, மண் தெரியும்படி செய்யுங்கள்; இல்லையென்றால் நாற்காலியை அரை அங்குலம் நகர்த்தும் ஓசையே காட்டிக்கொடுத்துவிடும். பின்பக்கச் சாளரங்களை மூடி வைக்க வேண்டும். திறந்தால் பின்னாலிருந்து வெளிச்சம் பட்டு உங்கள் உருவம் நிழலாகத் தெரியும். உள்சுவர் கறுப்பு என்பதால், உள்ளே அணிய வேண்டியது கறுப்புச் சட்டை; இலை வடிவம் அச்சிட்ட சட்டைக்கு அங்கே வேலையில்லை. துப்பாக்கிப் பருவத்தில் நீங்கள் அணிய வேண்டிய ஆரஞ்சு நிறத்தைக் கூடாரம் மறைத்துவிடுவதால், கூடாரத்தின் வெளியேயும் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெரியும்படி ஒரு ஆரஞ்சுத் துணியைக் கட்டிவிடுங்கள்.

நாற்காலியின் உயரத்தை அலட்சியம் செய்யாதீர்கள். வில்லை முழுவதும் இழுத்த நிலையில் அதன் கீழ்முனை தொடையிலோ, மேல்முனை கூரையிலோ இடிக்கிறதா என்று வீட்டு முற்றத்திலேயே கூடாரத்தை நிறுத்திப் பார்த்துவிட வேண்டும். சாளரத்தில் வலை மாட்டி அதன் வழியாகவே எய்ய நினைத்தால், விரிந்து திறக்கும் வகை அம்புமுனைகள் வலையில் பட்டு முன்னதாகவே திறந்துவிடும். கத்தி நிலையாக உள்ள முனைகளையே பயன்படுத்துங்கள். துப்பாக்கியில் வேறொரு கண்ணி இருக்கிறது. குறிபார்க்கும் தொலைநோக்கி துப்பாக்கிக் குழாய்க்கு மேலே பொருத்தப்பட்டிருப்பதால், அதன் வழியாகப் பார்க்கும்போது சாளரம் திறந்து தெரியும், குழாயின் வாயோ சாளரத்தின் கீழ்விளிம்புக்கு நேராக இருக்கும். என் கூடாரத்தில் இன்றும் ஒட்டுப்போட்ட ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த மான் எவ்வித அவசரமும் இல்லாமல் நடந்து போனதையும் நான் மறக்கவில்லை.

அம்பின் கோணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபது அடி உயரத்திலிருந்து இருபது கெஜத்தில் நிற்கும் மானுக்கான நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 21 கெஜம்தான், ஆகவே தூரக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மான் மரத்தின் அடியிலேயே, ஐந்து கெஜத்தில் வந்து நின்றால், செங்குத்தாக இறங்கும் அம்பு ஒரு நுரையீரலை மட்டும் துளைக்கக்கூடும். அப்படி அடிபட்ட மான் வெகுதூரம் ஓடிக் கிடைக்காமலே போகலாம். தரையிலிருந்து, மான் பக்கவாட்டில் நிற்கும்போது எய்த அம்பு இரண்டு நுரையீரல்களையும் கடப்பது எளிது. அடிபட்ட விலங்கைத் தேடி இருட்டில் அலைந்து வெறுங்கையோடு திரும்பிய இரவு எனக்கு ஒன்று உண்டு என்பதால், புதியவருக்கு இதை நான் பெரிய நன்மையாகவே எண்ணுகிறேன்.

குளிர் தாங்குவது, மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்வது, இடையில் தேநீர் குடிப்பது ஆகியவற்றில் கூடாரம் மேல் என்பதை விளக்க வேண்டியதில்லை. புரோபேன் அடுப்பு வைத்தால் மட்டும் காற்றுக்கு வழி விடுங்கள். அது எரியும்போது உண்டாகக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு மணமில்லை.

பரண்தான் வேண்டும் என்று நான் சொல்லும் இடங்களும் உண்டு. இரண்டடி தூரம்கூடத் தெரியாத சிடார் சதுப்பு, கூடாரம் மறைய இடமில்லாத வெட்டவெளிக் காடு, எல்லாப் பக்கமும் வீடுகள் சூழ்ந்து குண்டு மண்ணில் இறங்கியே ஆக வேண்டிய சிறு நிலம் ஆகியவை அவை. அடுத்த ஆண்டு வாங்குவதானால் ஏணிப் பரணில் தொடங்குங்கள். இன்னொருவர் துணையோடு நிறுத்துங்கள். மரத்தை அணைத்தபடி நம்மோடு மேலேறும் கிளைம்பர் வகையும், இடுப்பில் கட்டித் தொங்கும் சேடில் வகையும் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் நிலத்துக்கு வருவோம். மிச்சிகனின் தெற்குப் பகுதியான கீழ்த் தீபகற்பத்தில் மானுக்கு இரை போட்டு வரவழைப்பது 2019இல் தடை செய்யப்பட்டதால், மான் நடக்கும் தடத்தை நீங்கள்தான் தேடிப்போக வேண்டும். மான்கள் பகலில் கிழக்கிலுள்ள காட்டில் படுத்து, மாலையில் மேற்கே வயலுக்கு வரும். காட்டின் ஓரத்தில் குளம்படிகள் குவியும் தடத்தைச் செப்டம்பரிலேயே கண்டுபிடித்து, அதற்கு வடக்கே இருபது கெஜம் தள்ளி, பின்னால் புதர் இருக்கும் இடத்தில் கூடாரத்தை நிறுத்துங்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாலைகளில் உங்கள் வாசனை வடகிழக்காக, தடத்தைத் தொடாமல் போய்விடும். வயல் பக்கமாக நடந்து வந்து நுழையுங்கள். காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். நவம்பரில் குளிர் இறங்கும்போது காற்று வடமேற்குக்குத் திரும்பி உங்கள் வாசனையை நேரே தடத்தின் மேல் கொண்டுபோய்க் கொட்டும். அந்த நாள்களில் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அந்தக் கூடாரத்துக்குப் போகாமல், தடத்துக்குத் தெற்கே ஒரு மரத்தடியில் சிறு முக்காலியைப் போட்டு உட்காருங்கள்.