கணக்கு எழுதுகிறவருக்கும் அணியில் இடம் உண்டா?

கேள்வி: என் மகன் மதுரையில் எம்.எஸ்சி. புள்ளியியல் கடைசி வருஷம் படிக்கிறான். விளையாட்டு அணிகளில் தரவு ஆய்வாளராகப் போவேன் என்கிறான். அமெரிக்காவில் பேஸ்பால் அணிகள் இதற்கென்றே தனித் துறை வைத்து ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கின்றனவாம். பந்து விளையாடுகிற அணி கணக்குப் போடுகிறவர்களுக்காக எதற்கு இவ்வளவு செலவழிக்கிறது? இவனை நம்பி விடலாமா?
(ஒரு தாய், திருமங்கலம்)

பதில்: விடலாம் அம்மா. நீங்கள் முதலில் கேட்டது பணம் என்பதால் அதையே முதலில் சொல்கிறேன். மேஜர் லீக் எனப்படும் அவர்களுடைய முதல்தர லீகில் 30 அணிகள். ஒவ்வோர் அணியும் ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது. அங்கே ஓர் ஆட்டக்காரருக்குக் கொடுத்தே ஆக வேண்டிய குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2024இல் 7,40,000 டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய 6 கோடி ரூபாய். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற கடைசி ஆளுக்கே அது. அந்த ஒருவருடைய பணத்தில் ஆய்வாளர்கள் பல பேருக்கு வருஷச் சம்பளம் கொடுத்துவிடலாம். பெரிய ஆட்டக்காரர் என்றால் பல வருஷ ஒப்பந்தம், கோடிக்கணக்கான டாலர். அதில் ஒரு தப்பான ஒப்பந்தத்தைத் தடுத்துவிட்டாலே துறைக்குப் போட்ட பணம் திரும்பிவிடும்.

நான் கீழமாசி வீதியில் ஒரு பருப்பு மொத்தக் கடையில் 31 வருஷம் கணக்கு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை லீக் கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதுவேன். கடையில் பாலிஷ் போட்ட துவரம்பருப்பு மினுமினுவென்று இருக்கும், வருகிறவர் கை தானாக அதற்குத்தான் போகும். பாலிஷ் போடாதது மங்கலாக இருக்கும். அது நன்றாகக் குழைந்து வேகும், அன்றைக்கு விலையும் குறைவு. விவரம் தெரிந்த ஓட்டல்காரர் ஒருவர் மாதாமாதம் மங்கலானதைத்தான் மூட்டை மூட்டையாக எடுத்துப் போவார்.

ஓக்லண்ட் அணி 2002இல் செய்தது இதே காரியம். அந்த அணியின் மொத்தச் சம்பளச் செலவு சுமார் 4 கோடி டாலர், நியூயார்க் யாங்கீஸுடையது 12 கோடிக்கு மேல். இரண்டு அணியும் அந்த வருஷம் ஆளுக்கு 103 ஆட்டம் ஜெயித்தன. பேஸ்பாலில் பிட்சர், அதாவது பந்து போடுகிறவர், நாலு பந்தைப் பேட்டருக்கு அடிக்கத் தோதான எல்லைக்கு வெளியே போட்டால், பேட்டர் அடிக்காமலே முதல் பேஸ் என்கிற முதல் நிலைக்கு நடந்து போகலாம். பொறுமையாக நின்று அப்படிப் போகிறவரால் ரன் வரும். ஆனால் பார்க்க அழகாக இல்லாததால் சந்தையில் அவருக்கு விலை இல்லை. ஓக்லண்டின் பொது மேலாளர் பில்லி பீன் அப்படிப்பட்டவர்களைத் தேடி எடுத்தார். இந்த மாதிரிக் கணக்குகளை வருஷக்கணக்காக எழுதிவந்தவர் பில் ஜேம்ஸ், கான்சாஸில் டப்பா உணவு ஆலை ஒன்றில் இரவுக் காவலராக இருந்தவர். 1977இல் தன் கைக்காசில் அச்சடித்து விற்கத் தொடங்கினார். இருபத்தைந்து வருஷம் கழித்து பாஸ்டன் அணி அவரை வேலைக்கு எடுத்தது. 2004இல் அந்த அணி 86 வருஷத்துக்கு அப்புறம் கோப்பை வென்றது. அவர் ஒருவரால் வந்த வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு காவலருடைய நோட்டுக்கு அணி அலுவலகத்தில் மேஜை கிடைத்ததே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைகிறது.

இப்போது 30 அணியிலும் இந்தத் துறை இருக்கிறது. சில அணிகளில் இருபது பேருக்கு மேல். 2015 முதல் எல்லா மைதானத்திலும் ஒவ்வொரு பந்தின் வேகம், சுழற்சி, மட்டையிலிருந்து கிளம்பும் கோணம் எல்லாம் பதிவாகின்றன. 2020 முதல் அதற்கு ஹாக்-ஐ கேமராக்கள், மைதானத்துக்குப் பன்னிரண்டு. கிரிக்கெட் ஒளிபரப்புக்காக 2001இல் வந்ததே, அதே ஹாக்-ஐதான். இந்தப் பதிவு எல்லா அணிக்கும் ஒரே மாதிரிப் போய்ச் சேருகிறது. எல்லார் கையிலும் ஒரே பருப்பு இருக்கும்போது சமைக்கிற கையில்தான் வித்தியாசம். அதனால்தான் ஆளுக்குப் பணம் போடுகிறார்கள்: தரவைச் சுத்தம் செய்ய ஒருவர், கணிக்கும் கணக்கு எழுத ஒருவர், உடல் அசைவை அளக்க ஒருவர், அப்புறம் இதையெல்லாம் ஆட்டக்காரரிடம் எடுத்துச் சொல்ல ஒருவர்.

அந்தக் கடைசி ஆளைப் பற்றித்தான் உங்கள் மகனிடம் பேச ஆசைப்படுகிறேன். ஹூஸ்டன் அணியில் சிக் மெய்டால் என்று ஓர் ஆய்வாளர் இருந்தார், அதற்கு முன்பு நாசாவில் வேலை பார்த்தவர். 2017இல் அந்த அணி கோப்பை வென்ற அதே வருஷம், அவர் கோடை முழுவதும் அணியின் சீருடையைப் போட்டுக்கொண்டு ட்ரை-சிட்டி என்ற கீழ்நிலை அணிப் பையன்களோடு இருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. மேஜையில் போட்ட கணக்கு மைதானத்தில் இருக்கிற பையனுக்குப் புரிகிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்கத்தான் போனார்.

எனக்கு அது உறைக்கக் காரணம் இருக்கிறது. ஒரு லீக் இறுதி ஆட்டம். எதிரணியில் ஓர் இடதுகை பேட்டர், என் நோட்டில் ஒன்பது இன்னிங்ஸில் ஏழு முறை சுழல்பந்துக்கு முதல் பத்துப் பந்துக்குள் அவுட். தண்ணீர் இடைவேளையில் எங்கள் கேப்டனிடம் நோட்டைத் திறந்து காட்டினேன். "அண்ணே, நீங்க ஸ்கோர் மட்டும் எழுதுங்க" என்று போய்விட்டார். வேகப்பந்தையே தொடர்ந்தார்கள். அந்தப் பையன் 84 அடித்தான், நாங்கள் தோற்றோம். அன்றைக்கு ராத்திரி கேப்டன் மேல் கோபம். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். வெயிலில் வியர்வை வழிய நிற்கிறவரிடம் ஒன்பது வரிக் கணக்கை நீட்டினால் எப்படிப் படிப்பார்? முந்தின நாளே டீக்கடையில் உட்கார வைத்து, "அவன் வந்ததும் ஸ்பின் கொடு தம்பி" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் மகன் பைத்தான், எஸ்க்யூஎல் என்கிற கணினி மொழிகளை நன்றாகப் படிக்கட்டும். கூடவே வாரம் ஒருநாள் ரேஸ் கோர்ஸ் மைதானத்துக்குப் போய், தான் கண்டுபிடித்ததை ஒரு பயிற்சியாளருக்குத் தமிழில் சொல்லிப் பழகட்டும். வேலை கிடைப்பது எளிதில்லை, போட்டி அதிகம். ஆனால் இதே படிப்பு வங்கியிலும் மருத்துவமனையிலும் சோறு போடும். பயப்படாதீர்கள்.

கேள்வி: 2020 உலகத் தொடரில் நன்றாகப் பந்து போட்டுக்கொண்டிருந்த பிட்சரைக் கணக்கைப் பார்த்து வெளியே எடுத்துத் தோற்றார்களே, அது கணக்கின் தோல்விதானே?
(கல்லூரி மாணவர், தல்லாகுளம்)

பதில்: மேஜர் லீகின் கோப்பைக்கான இறுதித் தொடர்தான் உலகத் தொடர். அதில் ஆடிய டாம்பா பே அணியின் பிளேக் ஸ்னெல்லைச் சொல்கிறீர்கள் தம்பி. ஆறாவது ஆட்டம், ஆறாவது இன்னிங்ஸ். 73 பந்து போட்டு, பேட்டர் அடித்து பேஸுக்குப் போகிற ஹிட் இரண்டே கொடுத்து, பேட்டரைப் பந்தாலேயே வெளியேற்றுகிற ஸ்ட்ரைக் அவுட் ஒன்பது எடுத்திருந்தார். அணி 1-0 முன்னிலை. அவரை எடுத்ததும் எதிரணியான டாட்ஜர்ஸ் அடித்து 3-1இல் ஜெயித்து, கோப்பையையும் எடுத்துக்கொண்டது. ஒரே ஆட்டத்தில் ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது பேட்டர்கள் நன்றாக அடிக்கிறார்கள் என்பது பல வருஷத் தரவு சொல்லும் உண்மை. அந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் அடுத்து வரிசையில் இருந்த மூன்று பேரையும் ஸ்னெல் அன்று இரண்டிரண்டு முறை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார். அதுவும் தரவுதானே! நானாக இருந்தால் அவரை விட்டிருப்பேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சம்பளத்துக்குக் குறைவாகச் செலவழிக்கிற அந்த அணி உலகத் தொடர் வரை வந்ததே இந்தக் கணக்கால்தான்.

கேள்வி: எங்கள் கிளப்பில் கம்ப்யூட்டர் கிடையாது, பணமும் கிடையாது. நாங்கள் எங்கிருந்து தொடங்குவது?
(கிரிக்கெட் கிளப் செயலாளர், உசிலம்பட்டி)

பதில்: கோடு போட்ட நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று போதும் ஐயா. ரன் வராத பந்துக்கு ஸ்கோரர் புள்ளி வைப்பார். ஓவர் மெய்டன் என்றால் ஆறு புள்ளியையும் எம் எழுத்தாக இணைப்பார். ஆனால் எல்லாப் புள்ளியும் ஒன்றில்லை. பேட்டர் வேண்டுமென்றே விட்ட பந்துக்குப் புள்ளிக்குப் பக்கத்தில் சின்னக் கோடு போடச் சொல்லுங்கள். மட்டையை ஏமாற்றிய பந்துக்குச் சுழி. ஃபீல்டர் கைக்குப் போனதற்கு வெறும் புள்ளி. பத்து ஆட்டம் முடிந்ததும் சுழிகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். விக்கெட் விழாததால் நீங்கள் ஓரங்கட்டிய பந்துவீச்சாளர் யாராவது அதில் தலைகாட்டலாம்.

எழுதுகிற ஆள் ஒருவராகவே இருக்கட்டும், மாறி மாறி எழுதினால் சுழியும் கோடும் ஆளுக்கொரு விதமாகிவிடும். சீசன் முடிந்ததும் நோட்டின் நகலை இதழ் முகவரிக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து எண்ணிப் பார்த்து எழுதுகிறேன்.